அம்மானை முதல் கீபோர்ட் வரை: யாழ்ப்பாணக் கத்தோலிக்கப் பெண்களின் பாட்டும் செபமும்

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வரலாறு பெரும்பாலும் கோவில்களையும் குருமாரையும் ஆயர்களையும் வைத்தே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அந்தக் கோவில்களில் என்ன பாடப்பட்டது, எந்த மொழியில் பாடப்பட்டது, யார் பாட அனுமதிக்கப்பட்டார்கள் என்று கேட்டுப் பார்த்தால் அதே வரலாறு வேறு முகம் காட்டும். பாட்டு மாறியபோதெல்லாம் எமது மக்கள் செபிக்கும் விதமும் மாறியிருக்கிறது. அந்த மாற்றங்களில் பெண்களின் குரலுக்கு நேர்ந்தவற்றை, எமது சங்கத்தின் நூற்றாண்டு வேளையில் நினைவுகூர்வது பொருத்தமாகும்.

வீட்டு முற்றத்தில் தொடங்கிய பாட்டு

1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமானது. அவர்கள் கொண்டுவந்த வழிபாட்டின் மொழி இலத்தீன். ஆனால் புதிய சமயத்தை ஏற்ற தமிழர் அதைத் தமக்குத் தெரிந்த பாட்டு வடிவங்களிலேயே பாடிப் பார்த்தனர். 1647இல் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் இயற்றிய சந்தியோகுமையோர் அம்மானை அதற்குச் சான்று. அக்காலத்து ஞானப்பள்ளு இன்னொரு சான்று. பள்ளு வயலில் உழைப்போரின் வாழ்வைப் பாடும் வடிவம். அம்மானையோ பெண்கள் காய்களை எறிந்து பிடித்து விளையாடும்போது பாடிய பாட்டிலிருந்து வளர்ந்தது. பரிசுத்தவான்கள் எமது மண்ணில் பெண்களின் விளையாட்டுப் பாட்டு மெட்டில் ஏறினார்கள் என்பது சிறிய செய்தியல்ல.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தனர். கோவில்கள் கைமாறின. 1687இல் யோசப் வாஸ் முனிவர் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து சேரும்வரை மக்கள் குருவில்லாமலே காலம் கழித்தனர். குருவும் பூசையும் இல்லாத வீட்டில் வேதம் உயிரோடிருக்க வேண்டுமானால் அது மனப்பாடத்தில்தான் இருக்க வேண்டும். மனப்பாடத்துக்குப் பாட்டைப்போல் துணை வேறில்லை.

1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் இதை நன்கு உணர்ந்தவர். அவர் சேர்ந்திருந்த ஒறட்டோரியன் சபையின் மூலவர் புனித பிலிப்பு நேரி. உரோமாபுரியில் அவருடைய செபக்கூடத்தில் பாடப்பட்ட பக்திப் பாடல்களிலிருந்தே ‘ஒறட்டோரியோ’ என்ற இசைவடிவம் பெயர் பெற்றது. அந்த மரபில் வந்த கொன்சால்வெஸ் அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் எழுதினார். இயேசுவின் பாடுகளை ஒன்பது பிரிவுகளாகச் சொல்லும் அவருடைய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கும் மரபு எம்மிடையே வேரூன்றியது. அதன் ஓசை செத்தவீட்டு ஒப்பாரியின் ஓசைக்கு நெருங்கியது. ஒப்பாரி எமது பெண்களின் பாட்டு. சிலுவையடியில் நின்ற தாயின் துயரத்தைப் பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தாயும் விளக்கமின்றிப் புரிந்துகொண்டாள். பாடுகளைப் பற்றிய தியானம் எமது பாட்டிமாருக்குக் கண்ணீரோடு வந்ததற்கு அந்த இராகமும் ஒரு காரணம்.

இலத்தீனும் மடமும்

1847இல் அமலமரித் தியாகிகள் யாழ்ப்பாணம் வந்தனர். 1862இல் திருக்குடும்பக் கன்னியர் பிரான்சிலிருந்து வந்து பெண்கல்வியை முன்னெடுத்தனர். கன்னியர்மடங்களில் ஐரோப்பிய இசை பாடத்திட்டத்திலும் சிற்றாலயத்திலும் இடம்பெற்றது. பொருள் முழுதாக விளங்காவிட்டாலும் ‘தாந்தும் எர்கோ’வும் ‘சால்வே ரெஜினா’வும் மாணவிகளுக்கு மனப்பாடமாயின. விளங்காத மொழி பக்தியைக் குறைத்தது என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. பேச்சு மொழியிலிருந்து விலகி நின்ற அந்த ஒலி, இறைவன் முன் நிற்கிறோம் என்ற அச்சத்தையும் அமைதியையும் தந்தது. வாயடக்கிக் காத்திருக்கப் பழக்கியது.

1903 நவம்பர் 22இல், இசையின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளன்று, பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் திருச்சபை இசை பற்றிய ஆணையொன்றை வெளியிட்டார். இத்தாலியக் கோவில்களில் நாடக மேடைப் பாணியில் பாடுவது பெருகியிருந்ததே அதற்குக் காரணம். கிறகோரியன் இசையே சிறந்த முன்மாதிரி என்றார் அவர். அதை மக்கள் எல்லோரும் மீண்டும் பாட வேண்டும் என்றும் விரும்பினார். ஆனால் அதே ஆணை ஆடம்பரப் பூசையில் தாய்மொழிப் பாட்டை விலக்கியது. மேளம், தாளம் போன்ற ஒலிமிக்க கருவிகளையும் பியானோவையும் விலக்கியது. பாடற்குழு வழிபாட்டுப் பணியாதலால் பெண்கள் அதில் சேர முடியாது என்றும், உச்சக்குரல் தேவையானால் சிறுவர்களைப் பாடவைக்க வேண்டும் என்றும் கூறியது.

செசிலியா என்ற கன்னிகையின் திருநாளில் பெண்குரலுக்குக் கதவடைக்கப்பட்டது! கன்னியரும் மாணவிகளும் தமது மடத்துச் சிற்றாலயத்தில் பாடுவதற்குத் தடையிருக்கவில்லை. பங்குக் கோவிலின் பாடற்குழுவோ சட்டப்படி ஆண்களுக்குரியதாயிற்று.

இதனால் செபம் இரண்டு அறைகளில் நடந்தது. பூசையில் இலத்தீனும் மௌனமும். செபமாலையிலும் நவநாளிலும் சுற்றுப்பிரகாரத்திலும் தமிழும் கண்ணீரும். கோவிலுக்குள் தடுக்கப்பட்ட மத்தளமும் தாளமும் வெளியே கூத்து மேடையில் ஒலித்தன. குருநகர், பாஷையூர், நாவாந்துறை போன்ற கரையோர ஊர்களில் பரிசுத்தவான்களின் கதைகள் விடியும்வரை பாடி ஆடப்பட்டன. அங்கும் பெண் வேடத்தை ஆண்களே கட்டினர். பெண்களுக்கென எஞ்சியது வீட்டுச் செபமும் தவக்காலத்துப் புலம்பலுமே. எனினும் பிள்ளைகள் முதலில் கற்றது அந்த வீட்டுப் பாட்டைத்தான்.

கதவு திறந்தபின்

1955இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், பீடப்பகுதிக்கு வெளியே நின்று பெண்களும் பாடற்குழுவில் பாடலாம் என இடமளித்தார். 1963 டிசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. மக்களின் சொந்த இசைமரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்றது அது. கிறகோரியன் இசையின் முதன்மையையும் மறுக்கவில்லை. பூசை தமிழுக்கு வந்தது. கர்நாடக இராகங்களும் மிருதங்கமும் வயலினும் கோவிலுக்குள் வந்தன. 1965இல் மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், பாடுகளின் காட்சிகளையும் கூத்தையும் புதிய மேடைக்குக் கொண்டுவந்தது. பங்குகளில் பாடற்குழுக்களை நடத்தும் பொறுப்பு மெல்ல மெல்லப் பெண்களின் கைக்கு வந்தது. மடத்தில் சுரம் பயின்ற எமது பழைய மாணவிகள் பலர் அந்தப் பொறுப்பை ஏற்றனர்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது பாட்டுப் புத்தகத்தைத் தேடி எடுக்க யாருக்கு நேரமிருந்தது? நெஞ்சில் இருந்தது மட்டுமே கூட நடந்தது. எந்தப் பாட்டு ஆன்மாவுக்கு உதவும் என்பதை அளக்க இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடையாது.

இன்று எம்மை யாரும் தடுப்பதில்லை. அதனால் தெரிவு முழுவதும் எமது பொறுப்பாகிவிட்டது. கீபோர்ட்டில் பதிந்துள்ள தாளமும் சினிமாவை நினைவூட்டும் மெட்டும் ஒலிபெருக்கியும் சேரும்போது, நாலு பேர் பாட நானூறு பேர் கேட்கும் நிலை வந்துவிடுகிறது. பாட்டின் பொருளைவிடப் பாடும் குரல் தன்னை அதிகம் கவர்ந்தால் அது தன் குற்றமென்று புனித அகுஸ்தீனார் தமது ஒப்புதல்கள் நூலில் வருந்தினார். ஆனாலும் அவர் பாட்டை விலக்கச் சொல்லவில்லை. மனமாற்றத்தின் நாட்களில் கோவிற் பாட்டுத் தம்மை அழவைத்ததை நன்றியோடு நினைத்தார்.

ரொறொன்ரோவிலோ, இலண்டனிலோ, பாரிசிலோ, யாழ்ப்பாணத்திலேயோ ஞாயிறு பூசைக்குப் பாட்டுத் தெரிவுசெய்யும் சகோதரிகள் எம்மில் பலர். மெட்டு புதியதா பழையதா என்பது முதற் கேள்வியல்ல. முதிய தாயும் தமிழ் தடுமாறும் பேரப்பிள்ளையும் சேர்ந்து பாட முடியுமா? பாடி முடிந்தபின் அமைதிக்கு இடமிருக்குமா? துன்ப நாளில் புத்தகமில்லாமல் நினைவுக்கு வருமா? அம்மானையும் வியாகுலப் பிரசங்கமும் மடத்து இலத்தீன் பாட்டும் இவற்றில் ஒன்றையேனும் எமக்குத் தந்தன. மூன்றையும் தரும் பாட்டுகளைத் தெரிந்து அடுத்த தலைமுறையின் வாயில் வைப்பது, சங்கத்தின் இரண்டாம் நூற்றாண்டில் நாம் செய்யக்கூடிய நற்பணிகளில் ஒன்றாகட்டும்.