கொல்லிமலையின் 70 வளைவுகளும் பவர் ஸ்டீயரிங் கதையும்

கொல்லிமலைன்னா எல்லாரும் வல்வில் ஓரி, கொல்லிப்பாவை, ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர்னு எழுதிட்டாங்க. நான் அந்தப் பக்கமே போகலைங்க. காரவள்ளி அடிவாரத்துல ஆரம்பிக்கிற 70 கொண்டை ஊசி வளைவுகளையும், அதுல ஸ்டீயரிங் பிடிக்கிற கையையும் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் கிரீஸ் :-)

70 வளைவுன்னா ஏற 70, இறங்க 70. ஒவ்வொண்ணுலயும் ஏறக்குறைய முழுசா ஒடிச்சு, திரும்ப நேராக்கணும். அந்தக் கால அம்பாசிடர்ல இதைச் செஞ்சவங்களுக்குத் தோள்பட்டை கழண்டுரும். பழைய லாரி, பஸ்ல எல்லாம் ஸ்டீயரிங் வீல் அண்டா சைஸுக்கு இருந்ததுக்குக் காரணமும் இதுதான். வட்டம் பெருசானா நெம்புகோல் மாதிரி பலம் கூடும். அப்போ பவர் எல்லாம் டிரைவரோட புஜத்துல மட்டும்தான்.

இந்தக் கஷ்டத்துக்கு வழி கண்டவர் பிரான்சிஸ் டேவிஸ்ங்கிற அமெரிக்க எஞ்சினியர். பியர்ஸ் ஆரோ கம்பெனியோட டிரக் பிரிவுல வேலை பார்த்தவர். பெரிய டிரக்கை ஒடிக்க டிரைவர்கள் படற பாட்டை நேர்ல பார்த்திருந்தார். வேலையை விட்டுட்டு தனியா பட்டறை போட்டு, 1926-ல ஒரு கார்ல பவர் ஸ்டீயரிங்கை ஓட்டிக் காட்டிட்டார். அவர் யோசனை ரொம்ப எளிமையானது. ஆயில் எப்பவும் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் ஒரு வால்வு வழியை அடைச்சு, அழுத்தத்தை ஒரு பக்கமா அனுப்பும். இன்னைக்கும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கோட அடிப்படை அதேதான்.

ஆனா பாருங்க, பொருளாதார மந்தம் வந்துச்சு. செலவு கட்டாதுன்னு 1934-ல ஜெனரல் மோட்டார்ஸ் திட்டத்தைக் கைவிட்டுருச்சு. இரண்டாம் உலகப் போர்ல கவச வண்டிகளுக்குப் பயன்பட்டுது. கடைசியில 1951-ல கிறைஸ்லர் இம்பீரியல் கார்ல வந்தப்பதான் சாதாரண ஆளுக்கு விற்பனைக்குக் கிடைச்சுது. கண்டுபிடிச்சு 25 வருஷம்! அதுக்குள்ள டேவிஸோட முக்கியமான காப்புரிமைகள் காலாவதியும் ஆயிருச்சு.

நம்ம ஊருக்கு வருவோம். 1987-ல ரானே குழுமமும் அமெரிக்காவோட டிஆர்டபிள்யூவும் கூட்டு சேர்ந்து பவர் ஸ்டீயரிங் கம்பெனி ஆரம்பிச்சாங்க. தொழிற்சாலை எங்கே தெரியுமா? திருச்சி பக்கத்துல, மயிலுக்குப் பேர் போன விராலிமலையில. லாரிகளுக்கே பேர் போன நாமக்கல்லுக்கு அது எட்டிப் பிடிக்கிற தூரம்தான். கார்கள்ல 90களோட நடுவுல சியலோ, எஸ்டீம்னு வர ஆரம்பிச்ச பிறகுதான் நடுத்தர வர்க்கம் ஒத்தை விரல்ல ஸ்டீயரிங் சுத்தி ஸ்டைல் காட்டுச்சு.

அந்தத் தலைமுறை வண்டி ஒண்ணு இன்னும் என்கிட்ட இருக்கு. ஒரு தடவை ஆடி பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழா பார்க்க செம்மேட்டுக்குப் போறப்ப, பாதி மலையில ஒவ்வொரு வளைவுலயும் 'ஊ...ம்'னு முனக ஆரம்பிச்சுது. ஸ்டீயரிங் ஒரு நேரம் லேசு, ஒரு நேரம் பாறாங்கல். கீழே ஒரு ஒர்க்ஷாப்ல பார்த்துட்டு, "ரேக் போச்சு சார், மொத்தமா மாத்தணும்"னாங்க. சொன்ன தொகையைக் கேட்டதும் எனக்கே ஸ்டீயரிங் லாக் ஆயிருச்சு.

சேந்தமங்கலம் பக்கம் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டு போனேன். அவர் பார்த்த வரிசை இது, குறிச்சு வெச்சுக்கோங்க:

1. முதல்ல டயர் காத்து. காத்து குறைஞ்சாலே பாதி கனம் வந்துரும்.

2. ஆயில் டப்பா மூடி. அளவு குறைஞ்சிருக்கா, கருத்திருக்கா, நுரை இருக்கா?

3. பெல்ட். முழுசா ஒடிக்கும்போது 'கீச்'னா பெல்ட் வழுக்குது. 'ஊம்'னு முனகினா பம்புக்குள்ள காத்து.

4. எஞ்சினை ஆஃப் பண்ணி, முன் சக்கரம் ரெண்டையும் ஜாக்கியில தூக்கி, ஸ்டாண்டு கொடுத்துட்டு, சாவியால லாக்கை எடுத்துட்டுத் திருப்பணும். அப்பவும் பிடிச்சா குறை பால் ஜாயின்ட், ஸ்டீயரிங் ராடு மாதிரி இடத்துல. ஆயில் மேல பழி போடக் கூடாது.

5. ஒரு பக்கம் மட்டும் கனம்னா வால்வு, ரேக் மேல சந்தேகம். ரெண்டு பக்கமும்னா பம்பு, பெல்ட், ஆயில்.

என் வண்டியில ஆயில் முழுக்க நுரை. தரையில சொட்டுகூட ஒழுகலை. டப்பாவுல இருந்து பம்புக்குப் போற ஓஸ் இறுகிப் போய், கிளிப் தளர்ந்து, காத்தை உள்ளே உறிஞ்சிக்கிட்டு இருந்துச்சு. அவ்ளோதான்! புது ஓஸ், புது கிளிப், வண்டிக்குன்னு சொல்லியிருக்கிற ஆயில். (பிரேக் ஆயிலை மட்டும் ஊத்திராதீங்க, சீல் எல்லாம் ஊறிக் கெட்டுரும்.) சக்கரம் தூக்கின நிலையிலயே, எஞ்சின் ஆஃப்ல, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு ஒரு இருபது தடவை மெதுவா திருப்பச் சொன்னார். அளவு குறையக் குறைய ஊத்தினார். அப்புறம் ஸ்டார்ட் பண்ணித் திரும்பவும் அதே. குமிழி நின்னதும் முனகலும் போச்சு. ரேக் இன்னும் பழசேதான் ஓடுது.

கடைசியா ஒண்ணு, சீரியஸா. மலை இறங்கும்போது பெட்ரோல் மிச்சம்னு எஞ்சினை அணைச்சு நியூட்ரல்ல விடற பழக்கம் அம்பாசிடர் காலத்துல இருந்தே நம்மாளுங்ககிட்ட உண்டு. அன்னைக்கே தப்பு, இன்னைக்கு இன்னும் ஆபத்து. எஞ்சின் நின்னா பம்பு நிக்கும், ஸ்டீயரிங் பவர் இல்லாம கனக்கும். பிரேக்குக்கு உதவற வேக்குவமும் ஒண்ணு ரெண்டு மிதியில தீர்ந்துரும். சாவியை உருவிட்டா ஸ்டீயரிங் பூட்டியே போகும். ஏறின கியர்லயே இறங்குங்க. வளைவுல கோடி வரைக்கும் ஒடிச்சு அங்கேயே இழுத்துப் பிடிக்காதீங்க. ஆயில் கொதிக்கும், பம்பு சாகும்.

ஓடற வண்டியில திடீர்னு எஞ்சின் நின்னா பதற வேண்டாம். ஸ்டீயரிங் கனக்குமே தவிர திரும்பும். ரெண்டு கையாலயும் பலமா பிடிச்சு, பிரேக்கை விட்டு விட்டு அடிக்காம ஒரே மிதியா மிதிச்சு ஓரம் கட்டுங்க. டேவிஸ் பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து நம்ம கையில இருக்கிற பவர் அதுதானே!