157,79,17,500 (யுக நாள் எண்)

நூற்றைம்பத்தேழு கோடியே எழுபத்தொன்பது இலட்சத்துப் பதினேழாயிரத்து ஐந்நூறு. கி.பி. 499-இல் எழுந்த ஆரியபடீயம் என்ற வானியல் நூலின்படி 43,20,000 ஆண்டு கொண்ட ஒரு மகாயுகத்தின் மொத்த நாட்கள். யாழ்ப்பாணத்து வாக்கிய பஞ்சாங்கத்தின் ஆண்டளவுக்கு மூலம் இதுவே.

பகாக் காரணிகள்: 2² × 3 × 5⁴ × 61 × 3449. வகுஎண்கள் 120. இந்த எண்ணுக்கும் 43,20,000-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 7,500. அதனால் சுருக்கினால் 2,10,389/576 எஞ்சும். அதாவது 576 ஆண்டுகளில் சரியாக 2,10,389 நாட்கள். பின்னம் ஏதும் ஒட்டாது. பல கோடி எண்ணுக்குள் இவ்வளவு சிறிய விகிதம் ஒளிந்திருப்பதுதான் இதன் அழகு.

ஓர் ஆண்டு 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை. அறுபதறுபதாய் வகுக்கும் இம்முறையில் கணக்கு மூன்றே படிகளில் மீதியின்றி முடிகிறது. (இங்கே விநாடி என்பது 24 செக்கன்.) சித்திரைப் புத்தாண்டுப் பிறப்பு ஆண்டுக்காண்டு ஏறத்தாழ 6 மணி 12 நிமிடம் பிந்துவது 365 நாளுக்கு மேலுள்ள இந்த மிகுதியால்தான். இன்றைய வானியல் காணும் நட்சத்திர ஆண்டைவிட இந்த ஆண்டளவு சுமார் 3 நிமிடம் 20 செக்கன் கூட; திருக்கணித பஞ்சாங்கக்காரர் விடாமல் சுட்டும் வேறுபாடுகளில் இதுவும் ஒன்று. சூரிய சித்தாந்தம் என்ற நூலின் யுக நாட்கள் இந்த எண்ணைவிட 328 அதிகம், ஆண்டுக்கு 6.56 செக்கன்.

2,10,389 ஏழால் வகுபடாது. 576 ஆண்டில் பிறப்பு நேரம் மீண்டாலும் கிழமை நான்கு தள்ளும். நேரமும் கிழமையும் சேர்ந்து திரும்ப 4,032 ஆண்டுகள் வேண்டும்.