மெக்ஸிகோவில் உயர்ந்த கைகள்

நாவன்மை படைத்தோரின் சொற்பொழிவுகளை ஏட்டில் பொறித்து வைக்க வரலாற்று ஆசிரியர் பலர் உளர். வாய் திறவாது, கையாலும் தலையாலும் காலாலும் பேசியவர்களின் பேச்சை நாம் அவ்வளவாகக் கற்பதில்லை. அத்தகைய பேச்சு ஒன்றைப் பற்றி இன்று கூற விழைகிறேன். அது நிகழ்ந்த இடம் மெக்ஸிகோ நகரத்து ஒலிம்பிக் அரங்கு. நாள் 1968 அக்டோபர் 16. ஒரு நாட்டுப் பண் ஒலித்து ஓயும் வரைதான் அது நீடித்தது.

அன்று ஆடவருக்கான 200 மீட்டர் ஓட்டத்தின் இறுதிப் போட்டி. அமெரிக்காவின் டாமி ஸ்மித் 19.83 வினாடியில் ஓடி உலகச் சாதனை நிறுவினார். அரையிறுதியில் தசை பிடித்துத் துன்புற்றவர் அவர். எனினும் எல்லைக் கோட்டை எட்டுமுன்னரே மகிழ்ச்சியால் இரு கைகளையும் உயர்த்திவிட்டார். ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன் 20.06 வினாடியில் இரண்டாவதாகவும், அமெரிக்காவின் ஜான் கார்லோஸ் 20.10 வினாடியில் மூன்றாவதாகவும் வந்தனர். ஸ்மித்தும் கார்லோஸும் கறுப்பர். கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரத்துக் கல்லூரியில் பயின்றவர்கள். நார்மன் வெள்ளையர்.

அமெரிக்காவில் குடியுரிமைச் சட்டம் 1964-இலும் வாக்குரிமைச் சட்டம் 1965-இலும் நிறைவேறிவிட்டன. ஆயினும் சட்டம் ஏட்டில் இருந்தது. கறுப்பரின் சேரிகளில் வறுமை இருந்தது. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டே, ஹாரி எட்வர்ட்ஸ் என்னும் சமூகவியல் ஆசிரியர் கறுப்பின விளையாட்டு வீரர்களைத் திரட்டி, மனித உரிமைக்கான ஒலிம்பிக் இயக்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவையும் ரொடீஷியாவையும் போட்டியில் சேர்க்கலாகாது என்பது அவ்வியக்கத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியிடமிருந்து பறித்த பட்டத்தை அவருக்கே மீட்டுத் தரவேண்டும் என்பது மற்றொன்று. போட்டியையே புறக்கணிப்பது என்று முதலில் எண்ணினர். அதில் கருத்தொற்றுமை ஏற்படவில்லை. ஆகவே, அவரவர் தமக்குத் தகுந்த வழியில் எதிர்ப்பைக் காட்டுவது என்று முடிவாயிற்று.

வெற்றி மேடைக்கு ஸ்மித்தும் கார்லோஸும் காலணி இன்றிக் கறுப்புக் காலுறையுடன் நடந்து வந்தனர். அது தம் மக்களின் வறுமைக்கு அடையாளம். ஸ்மித்தின் கழுத்தில் ஒரு கறுப்புத் துணி. அது இனப் பெருமையைக் குறித்தது. கார்லோஸின் கழுத்தில் மணிமாலை. வெள்ளையர் கும்பல்கள் விசாரணையின்றித் தூக்கிலிட்டுக் கொன்ற கறுப்பர்களின் நினைவாக அதனை அவர் அணிந்தார். அவருடைய மேற்சட்டை திறந்து கிடந்ததே, அதுவும் தற்செயல் அன்று. உழைக்கும் மக்களை எண்ணியே அவ்வாறு விட்டார். கொடி ஏறிப் பண் ஒலித்தபோது, இருவரும் தலை குனிந்து, கறுப்புக் கையுறை அணிந்த கையை மடக்கி உயர்த்தினர்.

ஸ்மித் வலக்கையை உயர்த்தினார், கார்லோஸ் இடக்கையை உயர்த்தினார். இதற்குரிய காரணம் மிக எளியது. கார்லோஸ் தம் கையுறையைத் தங்குமிடத்திலேயே மறந்து வந்துவிட்டார். இருக்கும் ஒரு சோடியை ஆளுக்கு ஒன்றாக அணியலாமே என்று யோசனை கூறியவர் நார்மன். வலக்கை கறுப்பரின் வலிமை, இடக்கை அவர்தம் ஒற்றுமை என்று ஸ்மித் பின்னர் விளக்கம் தந்தார். மறதியால் நேர்ந்த ஒன்றுக்கும் அழகிய பொருள் அமைந்துவிட்டது!

நார்மன் கையை உயர்த்தவில்லை, காலணியையும் கழற்றவில்லை. ஆனால் மனித உரிமை இயக்கத்தின் சின்னத்தை அமெரிக்கப் படகு வீரர் ஒருவரிடம் கேட்டு வாங்கித் தம் மார்பில் அணிந்துகொண்டார். படத்தைப் பார்ப்போர் பலர் அதனைக் கவனிப்பதில்லை.

அரங்கில் கூச்சலும் இகழ்ச்சியும் எழுந்தன. அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் தலைவர் ஆவெரி பிரண்டேஜ், விளையாட்டில் அரசியல் புகுந்துவிட்டது என்று சினந்தார். இருவரையும் விலக்காவிடில் அமெரிக்க ஓட்டக் குழு முழுவதுமே வெளியேற நேரிடும் என்று எச்சரிக்கப்பட்டது. இருவரும் விலக்கப்பட்டு, வீரர் குடியிருப்பிலிருந்தும் வெளியேற்றப்பட்டனர். அவர்தம் பதக்கங்கள் பறிக்கப்பட்டன என்று சிலர் எழுதுவது உண்மையன்று.

இங்கே 1936-ஆம் ஆண்டு பெர்லினை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று நீளம் தாண்டலில் கறுப்பரான ஜெஸ்ஸி ஓவன்ஸ் முதலிடம் பெற்று மேடையில் நிற்க, இரண்டாமிடம் பெற்ற ஜெர்மானியர் கையை நீட்டி நாஜி வணக்கம் செய்தார். அப்போது அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தவரும் இதே பிரண்டேஜ்தான். நீட்டிய அந்தக் கைகளை அவர் எதிர்க்கவில்லை. அது ஒரு நாட்டின் வணக்கமாம்! அரசு ஆணையிட்டால் வணக்கம், அடிபட்டவன் தானே உயர்த்தினால் அரசியல் என்பது எவ்வகை நீதி என்பது எனக்கு விளங்கவில்லை. ஜெஸ்ஸி ஓவன்ஸே 1968-இல் அவ்விளைஞர்களைக் கண்டித்தவர்தான். ஆனால் சில ஆண்டுகளில் தம் கருத்து மாறியதை 1972-இல் ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார்.

தாயகம் திரும்பிய இருவரையும் கொலை மிரட்டல்களும் வேலையின்மையும் வரவேற்றன. நெடுங்காலம் அல்லலுற்ற பின்னரே கல்வி நிலையங்களில் பணி பெற்றனர். நார்மனையும் அவருடைய நாடு போற்றவில்லை. 1972-இல் மியூனிக் போட்டிக்கு அவர் அனுப்பப்படவில்லை. அது பழிவாங்கலே என்பாரும், இல்லை என்பாரும் உளர். அவருடைய 20.06 வினாடி 2024 டிசம்பர் வரை ஆஸ்திரேலியாவின் சாதனையாக நிலைத்தது. 2012-இல்தான் அந்நாட்டுப் பாராளுமன்றம் அவரிடம் மன்னிப்புக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதைக் கேட்க அவர் உயிருடன் இல்லை.

சான் ஹோசே பல்கலைக்கழக வளாகத்தில் 2005-இல் அம்மேடையைச் சிலையாக அமைத்தனர். இரண்டாம் இடம் மட்டும் வெறுமையாக விடப்பட்டது. அவ்விடத்தில் எவரும் ஏறி நிற்கலாம் என்பதற்காகத் தமக்குச் சிலை வேண்டாமென்று நார்மன் கேட்டுக்கொண்டார். மறு ஆண்டு அக்டோபரில் அவர் காலமானார். ஸ்மித்தும் கார்லோஸும் கடல் கடந்து மெல்போர்ன் சென்று, அவருடைய சவப்பெட்டியை முன்னின்று சுமந்தனர்.