ஒரு பைண்டின் விலை

அண்மையில் ஒரு மாலைப் பொழுதில், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய மதுக்கூடம் ஒன்றில் நண்பர் ஒருவருக்காகக் காத்திருக்க நேர்ந்தது. எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. எலுமிச்சைச் சாற்றை முன்னே வைத்துக்கொண்டு, பொழுது போகாமல் மேசைமீது கிடந்த விலைப்பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பைண்டு பீர் 25 வெள்ளி என்று அதில் அச்சிட்டிருந்தது. பைண்டு என்பது 568 மில்லி லிட்டர். கோலாலம்பூரில் இதைவிடக் குறைந்த விலைக்கும் கிடைக்கும். முப்பது வெள்ளியைத் தாண்டும் இடங்களும் உண்டு. 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதத்திற்கு 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் வேலை செய்வோருக்கு ஒரு மணி நேரத்திற்கு 8 வெள்ளி 17 காசு. ஆகவே, அந்தச் சம்பளத்தில் வாழும் ஒருவர் அந்த மேசையில் அமர்ந்து ஒரு பைண்டு அருந்த வேண்டுமானால் மூன்று மணி நேரத்திற்கும் மேலாக உழைத்திருக்க வேண்டும்.

மதுவின் விலையைப் பட்டியலில் உள்ள எண்ணைக்கொண்டு அளப்பது போதாது என்பது என் கருத்து. அது எத்தனை மணி நேர உழைப்பைக் கேட்கிறது, அந்தப் பணம் யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்னும் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர்க்கு இந்தக் கணக்கு புதியதன்று. நம் பாட்டனார் காலத்திலேயே அதைப் போட்டுப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அன்று கணக்கிற்குள் வந்த பானம் பீர் அன்று, கள்.

கள்ளைப் பற்றிப் பேசத் தொடங்கும் கட்டுரையாளர் நேரே வள்ளுவரிடம் செல்வது மரபு. நாம் தோட்டத்திற்கே செல்வோம். தென்னம்பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் வடியும் சாறு சில மணி நேரத்திலேயே தானாகப் புளித்து மதுவாகிறது. மறுநாள் ஆனால் காடியாகத் தொடங்கிவிடும். ஆகையால் அன்றன்று இறக்கியதை அன்றன்றே விற்றுத் தீர்க்க வேண்டும். புதுக்கள்ளின் போதைச்சத்து ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு முதல் ஐந்து விழுக்காடு. இன்று விற்கும் சாதாரண பீரின் அளவும் அதுவே. வலிமையில் இரண்டும் ஒன்றே. ஆயினும் ஒன்றை அருந்தியவன் கூலிக்காரக் குடிகாரன் எனப்பட்டான்; மற்றொன்றை அருந்தியவர் துரை எனப்பட்டார்.

துரைமாருக்கு இந்நாட்டில் மன்றங்கள் இருந்தன. 1884ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் சிலாங்கூர் மன்றம் தோன்றியபோது அதன் தொடக்ககால உறுப்பினருள் தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர். பத்துமலைக் கோயிலோடு பெயர் பிணைந்த அப்பெரியார் அங்கே அமர்ந்திருக்க முடிந்தது என்பதைப் பெருமையாகக் கூறுவோர் உண்டு. ஆனால் அவரைப் போன்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1921இல் பத்து சாலையில் திறக்கப்பட்ட கொலிசியம் உணவகத்திற்கு ஈய வயல் முதலாளிகளும் தோட்டத் துரைகளும் வந்து போவார்கள். மன்றங்களிலும் இத்தகைய கூடங்களிலும் துரைமார் குடித்ததற்குச் சீட்டில் கையெழுத்திட்டுவிட்டு மாத இறுதியில் பணம் கட்டுவது வழக்கம். பால்மரம் வெட்டிய தொழிலாளிக்கு அந்தச் சலுகை இல்லை. அவன் காசை எண்ணி வைத்த பிறகே கள் ஊற்றப்பட்டது.

அந்தக் கள்ளை ஊற்றியவர் யார் என்பதுதான் நம் வரலாற்றின் முதன்மையான செய்தி. 1916ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களின் அரசாங்கம் கள், சம்சு ஆகியவற்றின் விற்பனையை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன்பின் பல தோட்டங்களில் நிருவாகத்தின் மேற்பார்வையிலேயே கள்ளுக்கடைகள் நடந்தன. பட்டணங்களில் அரசாங்கமே கடை வைத்தது. வெளியில் கிடைக்கும் கலப்படச் சாராயத்தினின்று தொழிலாளரைக் காப்பதற்கே இந்த ஏற்பாடு என்று நிருவாகத்தினர் கூறினர். அதில் உண்மை அறவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கள்ளில் உயிர்ச்சத்து உண்டு என்று வாதிட்டவர்களும் இருந்தனர். தோட்டக் கடையின் இலாபம் தொழிலாளர் நலனுக்கென ஒதுக்கப்பட்டு, விழாக்களுக்கும் விளையாட்டிற்கும் செலவிடப்பட்டது. ஆக, தொழிலாளி குடித்த கள்ளின் இலாபமே திருவிழாவாகி, தோட்டத்தின் பெருந்தன்மையாக அவனிடம் திரும்பி வந்தது! கூலி கொடுத்தவரே கள்ளையும் விற்றார். கூலியின் ஒரு பங்கு அது புறப்பட்ட இடத்திற்கே மாலையில் மீண்டது.

கூலியின் அளவையும் அறிந்துகொள்வது நன்று. 1920களின் பிற்பகுதியில் சிலாங்கூர்த் தோட்டங்களுக்குக் குறிக்கப்பட்ட தரக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அதுவும் வெகுவாகக் குறைந்தது. பின்னர் ஐரோப்பாவில் போர் மூண்டு இரப்பருக்குத் தேவை பெருகிய காலத்திலும், இந்தியத் தொழிலாளியின் கூலி சீனத் தொழிலாளி பெற்றதைவிட மிகவும் தாழ்ந்தே கிடந்தது. இத்தகைய கூலியில் மாலைதோறும் கடைக்குச் சென்ற காசு, அரிசிப்பானையிலிருந்து எடுத்த காசேயாகும். கணவனும் மனைவியும் சேர்ந்து மரம் வெட்டிய வீடுகளில் அந்த 40 காசும் சில வேளைகளில் கள்ளுக்கடைக்கே போயிற்று. சம்பள நாளில் பெண்கள் கடை வாசலில் காத்து நின்ற கதையைத் தோட்டத்தில் பிறந்த எவரும் அறிவர்.

1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன், ‘தமிழ் நேசன்’ இதழில் பணிபுரிந்தவர். தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளை ஒருமுறை படித்தவர் மறக்கமாட்டார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்றனர். கொடுமை செய்யும் மேலாளரை நீக்க வேண்டும், பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வியும் நோயுற்றோருக்கு மருத்துவமும் வேண்டும் என்றனர். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றனர். இவற்றோடு சமமாக, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை.

இந்தக் கோரிக்கையை வெறும் மதுவிலக்குப் பரப்புரையாகக் கொள்வது பிழை. மிதிவண்டியும் கள்ளுக்கடையும் ஒரே பட்டியலில் இடம்பெற்றது தற்செயல் அன்று. இரண்டும் மானத்தைப் பற்றியவை. கூலி உயர்ந்து கடையும் திறந்தே இருக்குமானால், உயர்ந்த காசு எங்கே போகும் என்பதைப் பள்ளிக்குச் செல்லாத அத்தொழிலாளர் தெளிவாக உணர்ந்திருந்தனர். எல்லாரும் ஒருமனத்தினராய் இருந்தனர் என்று கூறுவது மிகையாகும். பன்னிரண்டு மணி நேரம் உழைத்துக் களைத்தவனுக்கு லயத்திற்கு வெளியே அமர்ந்து பேச இருந்த ஒரே இடம் அந்தக் கடைதான். ஊர்ச் செய்தி பரவியதும் அங்கேதான். அதை மூடச் சொன்னவர்களை மனத்திற்குள் வெறுத்தவர்களும் இருந்திருப்பர். ஆயினும் கோரிக்கை எழுந்தது.

விளைவு நாமறிந்ததே. 1941 மே 6ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் கொதித்தெழுந்தனர். மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டுப் படைகள் வந்தன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். ஏழு மாதத்திற்குள் ஜப்பானியர் வந்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டனர். போருக்குப் பின் 1947இல், கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் இயங்கிய தொண்டர் படை மீண்டும் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது, அதுவும் அடக்கப்பட்டது.

இவ்விடத்தில், நான் காத்திருந்த சாலைக்குப் பெயர் தந்த பெருமகனாரைக் குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வேலையிழந்து நின்ற வேளையில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அந்தப் பத்து வெள்ளியைக் கேட்டு அவர் தோட்டந்தோட்டமாய்ச் சென்றார். கள்ளுக்கடைக்குப் போன காசைத்தான் அவர் வேறு வழிக்குத் திருப்ப முயன்றார் என்று சொன்னால் தவறாகாது. அவ்வாறு சேர்ந்த பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. இன்று அவர் பெயர் தாங்கிய சாலையருகே பத்து வெள்ளிக்கு அரைப் பைண்டும் கிடைப்பது அரிது.

இதற்கிடையே பீர் இறக்குமதிச் சரக்காக இருந்த நிலை மாறிற்று. 1960களின் நடுப்பகுதியில் சுங்கைவேயில் கின்னஸ் ஆலை எழுந்தது. 1972இல் ஷா ஆலாமில் கார்ல்ஸ்பெர்க் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலை ஓரத்திலேயே துரைமார் பானம் வடிக்கப்பட்டது. ஆலைகளில் நம்மவரும் வேலைக்குச் சேர்ந்தனர். தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாற, பாட்டாளிகள் பட்டணத்தின் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். கள்ளுக்கடைகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. நாதன் கேட்டது ஒருவாறு நிறைவேறிற்று எனலாம். ஆனால் அதை நிறைவேற்றியது நிலத்தின் விலையே.

குடி மறையவில்லை. பட்டணத்திற்கு வந்தவன் முன் பீர் ஒருபுறமும் சம்சு மறுபுறமும் நின்றன. சம்சு சிறு சிறு போத்தல்களில், நாட்கூலிக்காரனின் சட்டைப்பைக்கு ஏற்ற விலையில் விற்றது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் இதை எதிர்த்து எழுதியது. 2017 டிசம்பர் முதல் இத்தகைய மதுவை 700 மில்லி லிட்டருக்குக் குறைந்த போத்தலில் விற்கக் கூடாது என்றும், 21 வயதுக்குக் குறைந்தவர்க்கு மது விற்கக் கூடாது என்றும் விதி வந்தது. அதற்கடுத்த ஆண்டு, 2018 செப்டம்பரில், கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பலர் நேப்பாளம், மியன்மார், வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர். நம் பாட்டனார் கப்பலில் வந்ததைப் போல வந்தவர்கள். அவர்கள் வாங்கிய போலிச் சரக்கில் பீர் என்று பெயரிட்டதும் இருந்தது. உண்மையான பீர் அவர்கள் கைக்கு எட்டாத விலையில் இருந்தது.

பீர் ஏன் அந்த விலை விற்கிறது என்று கேட்டால் வரியைக் காட்டுவர். 2016 மார்ச் முதல் பீருக்கான கலால் தீர்வை, அதிலுள்ள தூய சாராயத்தின் அளவைக்கொண்டு, லிட்டருக்கு 175 வெள்ளி எனக் கணக்கிடப்பட்டது. 2025 நவம்பர் 1 முதல் அது பத்து விழுக்காடு உயர்ந்தது. ஐந்து விழுக்காடு வலிமையுள்ள பீரில் ஒரு பைண்டுக்கு இப்போது ஏறத்தாழ 5 வெள்ளி 47 காசு தீர்வை ஆகிறது. 25 வெள்ளியில் இது ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றே மேல். எஞ்சியது ஆலைக்கும், கடை வாடகைக்கும், இசைக்கும், குளிரூட்டிய காற்றுக்கும் போகிறது. மதுக்கூடத்தில் அமர்பவர் பெரும்பாலும் இடத்திற்கே விலை கொடுக்கிறார்.

மளிகைக் கடையில் நின்றபடியே ஒரு டின் பீர் வாங்குபவனின் நிலை வேறு. 320 மில்லி லிட்டர் கொண்ட டின்னுக்குத் தீர்வை மட்டும் 3 வெள்ளி 8 காசு. எட்டு வெள்ளிக்கு அவன் அதை வாங்கினால், ஐந்தில் இரண்டு பங்கிற்கு அருகே அரசாங்கத்திற்குச் செல்கிறது. ஏழைக் குடியனிடம் விகிதத்தில் அதிகமாகவும் வசதியுள்ளவரிடம் குறைவாகவும் விழும் இந்தத் தீர்வையைக் குடியைக் குறைக்கும் வழி என்று ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்தின்போதும் கேட்கிறோம். எனக்குத் தோட்டத்துக் கள்ளுக்கடையின் நலநிதி நினைவிற்கு வருகிறது.

நண்பர் வந்து சேர்ந்தபோது மணி எட்டு. அவர் ஒரு பைண்டு கேட்டார். கொண்டுவந்து வைத்த இளைஞர் நேப்பாளத்தவர்.