போட்டியில் கிட்டாத பாட்டு: நெகாராக்கூவும் பேராக் மண்ணும்

முன்னுரை

ஒரு நாடு தான் யார் என்பதைப் பிற நாட்டார் முன் பாடிக் காட்டும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டுக்குரியது. 1956ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகள் நாட்டுக்கு இரண்டு பாடலாகப் பதினான்கு பாடல்களைப் பாடின. யூரோவிஷன் பாடற்போட்டி அன்று தொடங்கியது. எந்த மொழியில் பாடுவது என்னும் சிக்கலை அப்போட்டியால் இறுதிவரை தீர்க்க இயலவில்லை. நாட்டு மொழியில்தான் பாடவேண்டும் என்று 1966இல் விதி வகுத்தனர்; 1973இல் அதனைத் தளர்த்தினர்; 1977இல் மீண்டும் இறுக்கினர்; 1999இல் அறவே நீக்கினர். நாட்டின் அடையாளம் மெட்டில் உள்ளதா, மொழியில் உள்ளதா, பாடுவோரிடம் உள்ளதா என்னும் ஐயமே இத்தடுமாற்றத்தின் வேர் எனலாம்.

ஏறத்தாழ அதே காலத்தில் மலாயாவும் ஓர் அனைத்துலகப் பாடற்போட்டியை நடத்தியது. யூரோவிஷனில் நாடுகள் தம் பாடலை உலகுக்கு அனுப்பின. மலாயாவோ தனக்கொரு பாடலை அனுப்புமாறு உலகைக் கேட்டது. அப்போட்டியின் கதையையும், அது பேராக் மாநிலத்தில் வந்து முடிந்த விதத்தையும், அப்பாடலின் முன் தோட்டத் தமிழர் நின்ற நிலையையும் இக்கட்டுரையில் ஆராய்கிறோம்.

514 பாடல்களும் நான்கு இசையமைப்பாளர்களும்

விடுதலை நெருங்கிய வேளையில் மலாயாக் கூட்டரசின் பதினொரு மாநிலங்களுக்கும் தனித்தனிப் பண் இருந்தது, கூட்டரசுக்கென ஒன்றில்லை. துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையில் அமைந்த குழு உலகளாவிய போட்டியை அறிவித்தது. 514 படைப்புகள் வந்தன. ஒன்றும் தேறவில்லை. அதன்பின் புகழ்பெற்ற இசையமைப்பாளர்களையே நேரில் வேண்டினர். இங்கிலாந்தின் பெஞ்சமின் பிரிட்டன், 1953இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்கு அணிநடை இசை யாத்த வில்லியம் வால்டன், இசைநாடக ஆசிரியர் ஜான் கார்லோ மெனோட்டி, சிங்கப்பூரில் திரையிசைத் துறையில் பணியாற்றிய சுபிர் சைட் ஆகிய நால்வரும் எழுதித் தந்தனர். அவையும் ஏற்கப்படவில்லை.

1957 ஆகஸ்டு 5ஆம் நாள் குழு பேராக் மாநிலப் பண்ணின் மெட்டைத் தேர்ந்தெடுத்தது. அம்மெட்டில் மரபு மணம் கமழ்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். சொற்களை நடுவர் குழுவே கூடி எழுதியது. துங்குவின் பங்கே அதில் முதன்மையானது. இந்தோனேசியாவிலிருந்து வந்த இசைக்கலைஞர் சைபுல் பஹ்ரியின் பெயரும் பாடலாசிரியராகக் குறிக்கப்படுகிறது. விடுதலை நாளுக்கு எஞ்சியிருந்தவை இருபத்தாறு நாட்களே. ஆகஸ்டு 31ஆம் நாள் பிறந்த நள்ளிரவில், கோலாலம்பூர்த் திடலில் பிரிட்டிஷ் கொடி இறங்கிப் புதுக்கொடி ஏறியபோது நெகாராக்கூ ஒலித்தது.

சுபிர் சைட்டின் பின்கதை சுவையானது. மலாயாவில் ஏற்கப்படாத அவரே 1958இல் ‘மஜுலா சிங்கப்பூரா’வை இயற்றினார். 1959இல் அது சிங்கப்பூரின் பண்ணாயிற்று. ஆக, இப்போட்டியில் தோற்றவர் ஒருவர் அண்டை நாட்டுக்கே பண் தந்தவரானார்.

மெட்டு வந்த வழி

மரபு மணம் கமழ்ந்த அம்மெட்டின் மரபு எது? 1874இல் பங்கோர் உடன்படிக்கையின்வழிப் பேராக் சுல்தானாக ஏற்கப்பட்டவர் அப்துல்லா. 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில் ஆங்கிலேய ஆட்சிப் பேராளர் பர்ச் கொல்லப்பட்டார். அதில் உடந்தை என்னும் குற்றச்சாட்டின்பேரில் அப்துல்லா 1877இல் செய்செல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கு மாஹே தீவில் வாத்தியக் குழுவினர் பொதுவிடத்தில் வாசித்த பிரெஞ்சு மெட்டொன்று அக்குடும்பத்தினர் செவியில் பதிந்தது. ‘லா ரோசாலி’ என வழங்கிய அது பிரெஞ்சுக் கவிஞர் பெரான்ஷேயின் (1780–1857) பெயரோடு சார்த்திச் சொல்லப்படுவது. பிற்காலத்தில் பேராக் சுல்தான் இங்கிலாந்து சென்றபோது, உம் மாநிலப் பண் யாது என்று அதிகாரிகள் வினவ, உடன் சென்ற அரச குடும்பத்தவர் ஒருவர் இம்மெட்டை முணுமுணுத்துக் காட்டினார் என்பர்.

அதே மெட்டு வேறொரு வழியிலும் தீபகற்பத்தில் உலவியது. பங்சவான் நாடகக் குழுக்கள் அதனை ‘தெராங் பூலான்’ என்னும் காதற்பாட்டாகப் பரப்பின. 1947இல் இலண்டனில் பெலிக்ஸ் மெண்டல்சன் என்பாரின் ஹவாய் இசைக்குழு அதனை ‘மமூலா மூன்’ என இசைத்தட்டாக்கியது. நாட்டுப்பண் ஆனபின் அம்மெட்டை மகிழ்கலை மேடையில் கையாள்வது விலக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டின் தேசியப் பண் சட்டம், பண்ணை வேண்டுமென்றே அவமதிப்போருக்கு நூறு வெள்ளி வரை தண்டமோ ஒரு மாதம் வரை சிறையோ விதித்தது. நாடக மேடையில் நிலவொளியில் காதலர் பாடிய மெட்டுக்கு மக்கள் அசையாது எழுந்து நிற்கலாயினர். மெட்டின் பொருளை அதன் பிறப்பு முடிவு செய்வதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கடன் வாங்கிய மெட்டு என்று இதனை இகழ்வோர் உளர். தமிழிசை வரலாறு அறிந்தோர்க்கு இவ்விகழ்ச்சி வியப்பளிக்கும். முத்துசுவாமி தீட்சிதர் கும்பினியார் வாத்தியக் குழுவின் மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் இயற்றினார்; நோட்டுசுரப் பாடல்கள் எனப்படும் அவற்றுள் ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டும் ஒன்று. நம் நாடகப் பாட்டுப் புத்தகங்களில் பாடலின் தலைப்பில் ‘வர்ண மெட்டு’ என்று மூலப்பாட்டைக் குறித்து அச்சிடுவது இயல்பான வழக்கு. பங்சவானுக்கும் தமிழ் நாடகத்துக்கும் பார்சி நாடகக் குழுக்கள் பொதுவான ஊற்றுகளுள் ஒன்று என்பதும் ஈண்டு நினையத்தக்கது. மெட்டுகள் கடல் கடந்து புதுச்சொல் பூணுவது இவ்வட்டாரத்தின் பொது வழக்கம்.

பேராக்கைப் பொறுத்தவரை 1877 வேறொரு வகையிலும் குறிக்கத்தக்க ஆண்டு. பிரேசிலிலிருந்து இலண்டனின் கியூ தோட்டத்துக்குச் சென்று, பின் சிங்கப்பூர் வந்த இரப்பர்க் கன்றுகளுள் ஒன்பது அவ்வாண்டிலேயே கோலகங்சாரில் நடப்பட்டன. பேராக்கின் சுல்தான் கப்பலேறிய ஆண்டில் பேராக்கின் பிற்காலச் செல்வம் கப்பலில் வந்திறங்கியது. அம்மரத்தின் பால்வெட்ட வந்தோரே நம் முன்னோர்.

தோட்டப்புறத்தில் நெகாராக்கூ

நாட்டுப்பண் தேடப்பட்ட காலத்தில் பேராக் தோட்டங்களில் நிலவிய சூழலை மறந்துவிட்டு இவ்வரலாற்றை எழுதுதல் இயலாது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. முள்வேலி, ஊரடங்கு, உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கிடையேதான் விடுதலை வந்தது. அதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அப்போது கூட்டரசின் அமைச்சராய் இருந்தார்.

தோட்டத் தமிழ்ப்பள்ளிச் சிறுவர்க்கு நெகாராக்கூ புதுவகை மலாயை அறிமுகம் செய்தது. பெரட்டிலும் கடைத்தெருவிலும் அவர்கள் கேட்டிருந்தது பேச்சு மலாய். பண்ணில் இருப்பது செவ்விய மலாய். அதிலுள்ள ‘தும்பா டாரா’ என்னும் மரபுத்தொடர் சிறப்பாக ஆராய்தற்குரியது. இதனைத் தமிழில் விளக்குவோர் ‘இரத்தம் சிந்திய’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் போர்க்களத் தியாகமாகப் பொருள் கொள்வதுண்டு. மலாய் வழக்கில் அது பிறந்த மண்ணைச் சுட்டுவது. அங்குச் சிந்தும் குருதி தாயின் பிள்ளைப்பேற்றுக் குருதி. தொப்புள்கொடி உறவு என்று நாம் சொல்வதற்கு அது நெருங்கி வரும்.

இவ்வேறுபாட்டைச் சொல்லாராய்ச்சி என்று மட்டும் கொள்ளலாகாது. 1957ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, விடுதலை நாள் தொடங்கிக் கூட்டரசில் பிறந்த குழந்தை பிறப்பினாலேயே குடிமகவாயிற்று. 1962வரை இவ்வுரிமை நிபந்தனையின்றி நின்றது. அதே லயத்தில் வாழ்ந்த, இந்தியாவில் பிறந்த தந்தையோ வதிவுக்காலம், மொழியறிவு, உறுதிமொழி எனப் பல நிபந்தனைகளுடன் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. படிவம் நிரப்பத் தெரியாதவரும், அதன் தேவையை உணராதவரும் சிவப்பு அடையாள அட்டையுடன் தங்கிவிட்டனர். 1969க்குப் பின் வேலை பெர்மிட் முறை நடைமுறைக்கு வந்தபோது அதன் விலை தெரிந்தது. தோட்டத் தொழிலாளர் பலர் கப்பலேறித் திரும்பினர். பிறந்த மண்ணைப் பாடும் பண்ணின் முன் மகன் ஒரு நிலையிலும் தந்தை வேறொரு நிலையிலும் நின்ற காலம் அது. பிரெஞ்சு மெட்டு அயலிலிருந்து வந்தது என்று எவரும் அதற்குப் பெர்மிட் கேட்கவில்லை.

அண்டை நாடுகளின் நிலையோடு ஒப்பிடுதல் நலம். இலங்கையில் 1948இல் லங்கா கந்தர்வ சபை நடத்திய பண் போட்டியில் நடுவர் குழுவினரின் பாடலே பரிசு பெற்றதால் பூசல் எழுந்தது. சாந்திநிகேதனில் பயின்ற ஆனந்த சமரக்கோனின் பாடல் 1951இல் ஏற்கப்பட்டது, மு. நல்லதம்பி அதனைத் தமிழாக்கினார். எனினும் தமிழ்வடிவம் அரசு விழாவில் ஒலிப்பதும் ஒலியாதிருப்பதும் ஆட்சிக்கு ஆட்சி மாறியது. 2016 விடுதலை நாள் விழாவில் பாடப்பட்டது 2020இல் பாடப்படவில்லை. சிங்கப்பூரில் பண்ணை மலாயில் மட்டுமே பாட இயலும். பொருள் விளங்கத் தமிழ் பெயர்ப்பு வழங்கப்படுகிறது. மலேசியத் தமிழர் பண்ணைத் தமிழில் பாடும் உரிமையை ஒரு போராட்டமாக எழுப்பவில்லை. நம் கருத்தில் அது குறையன்று. பொருளறியாது பாடுவதே குறை. அக்குறையை நீக்குவது தமிழாசிரியர் கையில் உள்ளது.

1992இல் பண் விரைந்த அணிநடைக்கு மாற்றப்பட்டது. 2003இல் மீண்டும் பழைய நிதான நடைக்குத் திரும்பியது. அப்போது பெயரையும் ‘மலேசியாக்கூ’ என மாற்றும் எண்ணம் வெளியானது. மக்கள் எதிர்த்ததால் கைவிடப்பட்டது. வெளிநாட்டு மெட்டு, குழு எழுதிய சொற்கள், அவசரமாக முடிந்த தேர்வு ஆகிய இவ்வளவும் இருந்தும், ஐம்பது ஆண்டுகள் நிறையுமுன்னே அதன் ஒரு சொல்லைத் தொட எவரையும் மக்கள் விடவில்லை. பேராக்கின் மாநிலப் பண்ணோ அதே மெட்டில் இன்றும் வாழ்கிறது. ஈப்போவில் நடக்கும் அரசு விழாக்களில் ஒரே மெட்டை இரு வகைச் சொற்களுடன் கேட்கலாம்.

தோட்டங்கள் அவ்வாறு வாழவில்லை. துண்டாடலாலும், செம்பனையாலும், வீடமைப்புத் திட்டங்களாலும் பல தோட்டங்கள் பெயரளவில் எஞ்சியுள்ளன. மக்கள் ஈப்போ புந்தோங் போன்ற நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். 1957இல் பத்து வயதினராய்ப் பள்ளிச் சபைகூடலில் நெகாராக்கூவைப் பயின்றவர்கள் இன்று எண்பதை நெருங்குகின்றனர். முதன்முதலில் அப்பண்ணை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் யார், சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிக்கொண்டனரா, வீட்டில் பெற்றோர் என்ன பொருள் கேட்டனர், தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த தாய்மார் அம்மெட்டை எவ்வாறு கேட்டனர் என்பனவற்றை அவர்களிடம்தான் கேட்டறிய வேண்டும். முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் தோட்டப்புற நாட்டுப்பாடல்களை முயன்று தொகுத்தமையால்தான் அவை ஓரளவு நமக்குக் கிட்டின. பண் குறித்த இந்நினைவுகளைத் திரட்ட நம் மாணவர் ஒரு விடுமுறைக் காலத்தைச் செலவிட்டால் போதும். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.