முதலில் நியமனம், பின்னர் பயிற்சி: இலங்கையின் பட்டதாரி ஆசிரியர்கள்

இலங்கையில் மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர், உள்ளகப் பயிற்சியை நிறைவு செய்யாமல் தனித்து வைத்தியம் பார்க்க முடியாது. ஆனால் கலைப் பட்டமோ விஞ்ஞானப் பட்டமோ பெற்ற ஒருவர், கற்பித்தல் பற்றி ஒரு விரிவுரையைத்தானும் கேளாமல் ஆசிரியராக வகுப்பறைக்குள் நுழைய முடியும். பயிற்சி பின்னர் வரும். சிலருக்கு அது பல ஆண்டுகள் கழித்தே வரும். இந்த ஒழுங்கு எவ்வாறு ஏற்பட்டது என்பதை அறிய, எமது கல்வி வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலேயர் காலத்தில் ஆசிரியர் பயிற்சி என்பது பெரும்பாலும் சுயமொழிப் பாடசாலை ஆசிரியருக்கு உரியதாகவே கருதப்பட்டது. மிஷனரிமார் நடத்திய பயிற்சிப் பாடசாலைகளும் பின்னர் எழுந்த கோப்பாய், பலாலி, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை முதலிய கலாசாலைகளும் 'பயிற்றப்பட்ட ஆசிரியர்' என்ற பிரிவினரை உருவாக்கின. பெரிய ஆங்கிலக் கல்லூரிகளிலோ கல்கத்தாவிலும் சென்னையிலும் பட்டம் பெற்றவர்களும், லண்டன் வெளிவாரிப் பட்டதாரிகளும் கற்பித்தனர். பாடத்தை அறிந்தவருக்குக் கற்பிக்கவும் தெரியும் என்பதே அக்கால நம்பிக்கை. அந்த நம்பிக்கை இன்றும் முற்றாக மறையவில்லை.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தோன்றியது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளும் இடைநிலைக் கல்வியை நாடியபோது பட்டதாரி ஆசிரியர்களின் தேவை பெருகிற்று. இப்பின்னணியில் 1949இல் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை அமைக்கப்பட்டது. பேராதனையில் பேராசிரியர் ஜே. ஈ. ஜயசூரிய அத்துறைக்குப் பெருமை சேர்த்தார். உளவியல், கல்வித் தத்துவம், கற்பித்தல் முறை, பாடசாலையில் கற்பித்தற் பயிற்சி என்பன ஒன்று சேர்ந்தே ஓர் ஆசிரியரை உருவாக்கும் என்பது இத்துறையின் அடிப்படைக் கருத்தாகும்.

ஆனால் அத்துறையின் மொழி ஆங்கிலம். பாடசாலையோ தாய்மொழிக்கு மாறிக்கொண்டிருந்தது. 1953இல் ஆறாம் வகுப்பில் தொடங்கிய மாற்றம், 1960இல் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தை எட்டியது. உளவியலை ஆங்கிலத்தில் பயின்றவர்கள் அதனைத் தமிழில் விளக்க வேண்டியவராயினர். அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. பின்வந்த காலத்தில் சோ. சந்திரசேகரன், சபா ஜெயராசா போன்ற பேராசிரியர்கள் கல்வியியலைத் தமிழில் தொடர்ந்து எழுதினர். இன்று ஓர் ஆசிரிய மாணவர் தமிழிலேயே கல்வியியலைக் கற்க முடிவது இவர்களைப் போன்றோரின் உழைப்பினாலேயே என்பதை மறுப்பதற்கில்லை.

நிறுவனங்களும் பெருகின. 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. 1980இல் தோன்றிய திறந்த பல்கலைக்கழகம், தொலைக்கல்வி மூலம் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் தூர இடத்து ஆசிரியருக்கும் கொண்டு சென்றது. 1985இல் தேசிய கல்வி நிறுவகம் உருவாயிற்று. 1986ஆம் ஆண்டின் சட்டம் தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கு வழி வகுத்தது. இக்கல்லூரிகளில் ஈராண்டுகள் விடுதியில் தங்கிக் கற்று, மூன்றாம் ஆண்டில் பாடசாலையில் கட்டுறு பயில்வை முடித்த பின்னரே நியமனம் என்ற ஒழுங்கு வகுக்கப்பட்டது. உயர்தரத்தோடு வந்தவர் பயிற்சிக்குப் பின் வகுப்பறைக்குச் செல்ல, பட்டம் பெற்றவர் பயிற்சியின்றியே செல்லும் முரண்பாடு இவ்வாறு நிலைபெற்றது.

இதற்குக் காரணம் கல்விக் கொள்கை அன்று, வேலையில்லாத் திண்டாட்டமே. 1971 ஏப்ரல் கிளர்ச்சிக்குப் பின்னர் வெளிவந்த டட்லி சீயர்ஸ் குழுவின் அறிக்கை, படித்த இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் தொழிலுக்கும் இடையிலான இடைவெளியை விரிவாக எடுத்துரைத்தது. அதன் பின்னர் வந்த அரசாங்கங்களுக்குப் பட்டதாரிகளைத் தொகுதி தொகுதியாக உள்வாங்குவதற்குப் பாடசாலையே வசதியான இடமாயிற்று. வேலையற்ற பட்டதாரிகளின் ஆர்ப்பாட்டச் செய்திகளை எனது பத்திரிகைப் பணிக் காலத்தில் எத்தனையோ தடவைகள் எழுதியிருக்கிறேன். அவர்களின் கோரிக்கை நியாயமானதே. எனினும் அக்கோரிக்கைகளிலும் சரி, அமைச்சர்களின் வாக்குறுதிகளிலும் சரி, 'பயிற்சி' என்ற சொல்லை நான் அரிதாகவே கண்டேன்.

இதன் விலையைக் கொடுப்பவர் மாணவரே. அனுபவமிக்க ஆசிரியர் பலர் நிறைந்த நகரப் பாடசாலையில் புதியவரின் தடுமாற்றத்தை மற்றவர் ஈடுசெய்வர். வன்னியிலோ மலையகத் தோட்டத்திலோ கணிதத்துக்கு ஒருவரே இருப்பாராயின், அவர் கற்பிக்கப் பழகும் காலம் முழுவதும் அப்பிள்ளைகளின் காலமே.

பல்கலைக்கழகத்தின் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. சேவையிலுள்ள ஆசிரியர் தாம் பணிபுரியும் பாடசாலையிலேயே கற்பித்தற் பயிற்சியைச் செய்யும்போது, விரிவுரையாளர் சில பாடங்களையே வந்து பார்க்க முடிகிறது. தேர்ந்த ஓர் ஆசிரியரின் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து அவதானிக்கும் வாய்ப்பும் கிடைப்பதில்லை. விரிவுரையாளரைத் தெரிவு செய்கையில் வகுப்புச் சித்தியும் ஆய்வுப் பட்டமும் பெறும் முக்கியத்துவத்தைப் பாடசாலை அனுபவம் பெறுவதில்லை. ஆசிரியரை உருவாக்குபவரும் வகுப்பறையோடு தொடர்பறாமல் இருத்தல் வேண்டும்.

இன்று கல்விப் பீடமும் கல்வித்துறைகளும் தமிழில் நூல்களும் எம்மிடம் உள்ளன. 1949இல் இவற்றுள் பல இருக்கவில்லை. பட்டதாரிக்கு நியமனக் கடிதம் வழங்குவதற்கு முன்னர், கொடுப்பனவுடன் ஓராண்டுப் பயிற்சி அளிப்பதே செய்ய வேண்டியது. கல்வியியற் கல்லூரி மாணவருக்கு வகுத்த ஒழுங்கைப் பட்டதாரிக்கும் வகுப்பதில் அரசுக்கு என்ன தயக்கம்?