இலங்கைக் கூரைகளில் சூரிய மின்சாரம்

1990ஆம் ஆண்டளவில் இலங்கை வீடுகளில் மூன்றில் ஒன்றுக்குக்கூட மின்கம்பி எட்டியிருக்கவில்லை. லக்சபானா நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது முதல் நாட்டின் மின்சாரம் பெரும்பாலும் மலையகத்து ஆறுகளிலிருந்தே வந்தது. ஆனால் அது நகரங்களையும் தொழிற்சாலைகளையும் ஒட்டியே ஓடியது. உட்கிராமங்களில் இரவுக்கு மண்ணெண்ணெய் விளக்குத்தான். தொலைக்காட்சி வாங்கிய குடும்பம் கார் பற்றரி ஒன்றையும் வாங்கியது. பற்றரி இறங்கியதும் அதைப் பட்டணத்துக் கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிவந்தது. வீட்டுச் சோலார் இந்தச் சந்தைக்குள்தான் முதலில் நுழைந்தது. வாங்கியவர் பார்த்த கணக்கு மண்ணெண்ணெய்ச் செலவும் பற்றரி சுமக்கும் அலைச்சலும். பருவநிலை மாற்றம் அல்ல.

1997இல் உலக வங்கிக் கடனுடன் ஒரு கிராமிய மின்சாரத் திட்டம் தொடங்கியது. 2002இல் அது அடுத்த கட்டத்துக்கு விரிந்தது. ஷெல் போன்ற நிறுவனங்கள் சிறு சோலார் தொகுதிகளை விற்றன, சர்வோதய இயக்கத்தின் நிதிக்கிளை மாதத் தவணையில் கடன் கொடுத்தது. ஒரு தகடு, ஒரு பற்றரி, நாலைந்து விளக்குகள், கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக்கு ஓர் இணைப்பு: தொகுதி இவ்வளவுதான். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இது போய்ச் சேர்ந்தது. இந்தக் கதையில் வடக்குக்கு நெடுங்காலம் பங்கில்லை. உள்நாட்டுப் போரில் 1990இல் மின்வலையிலிருந்து அறுபட்ட யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயும் பற்றரியும் அரசின் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தன. ஜாம்போத்தலில் திரியிட்டு விளக்கெரித்தவர்களும் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும் அங்கே தவணைக்குத் தகடு வாங்கும் நிலையில் இருக்கவில்லை. யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வலையோடு மீண்டும் இணைந்தது போர் முடிந்த பின்னர்தான்.

தெற்கில் விற்ற தொகுதிகளின் உண்மைச் செலவு சில ஆண்டுகளில் வெளிப்பட்டது. தகடு இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். ஈயப் பற்றரி மூன்று நான்கு ஆண்டில் ஓய்ந்துவிடும். பல வீடுகளில் கடன் அடைந்து முடியும் வேளையில் பற்றரி சாகும் வேளையும் வந்தது. அதற்குள் மின்கம்பியும் ஊருக்குள் வந்துவிட்டது. 2016அளவில் ஏறத்தாழ எல்லா வீடுகளும் இணைப்புப் பெற்றுவிட, சிறு தொகுதிகள் கூரையிலேயே கைவிடப்பட்டன. திட்டத்தைத் தோல்வி என்று சொல்ல முடியாது. மின்சாரத்தைச் சேமித்து வைப்பதுதான் மிகப் பெரிய செலவு என்பதை அது காட்டியது. அந்தப் பாடத்தை அடுத்த தலைமுறைத் திட்டம் கவனிக்கவில்லை.

2010இல் வந்தது நெட் மீட்டரிங். இதில் பற்றரி தேவையில்லை. பகலில் மிஞ்சும் மின்சாரம் மின்சார சபையின் கம்பிக்குள் போகும். இரவில் அதே அளவைத் திரும்ப எடுக்கலாம். மிச்சம் அடுத்த மாதக் கணக்கில் வரவாகும், காசாகக் கிடைக்காது. அதாவது வீட்டுக்காரரின் பற்றரி வேலையைச் சபை இலவசமாகச் செய்தது. யாருக்கு இது இலாபம் என்பதைக் கட்டண அட்டவணையே சொல்லிவிடும். 2014 முதல் நடப்பிலிருந்த வீட்டுக் கட்டணத்தில், மாதம் 60 அலகுக்குள் முடிப்பவர் முதல் 30 அலகுக்கு அலகொன்றுக்கு 2.50 ரூபா கொடுத்தார். 180ஐத் தாண்டியவர் தாண்டிய ஒவ்வோர் அலகுக்கும் 45 ரூபா கொடுத்தார். சிறிய வீட்டின் 2.50ஐத் தாங்கியதில் பெரிய வீடு கொடுத்த அந்த 45 ரூபாவுக்கும் பங்குண்டு. கூரையில் தகடு போடப் பணமுள்ளவர் பெரிய வீட்டுக்காரர். அவர் முதலில் தவிர்த்தது அந்த 45 ரூபா அலகுகளைத்தான். சட்டப்படி இதில் குற்றமில்லை. ஆனால் பசுமை மின்சாரம் மலிவு என்று பேசியவர்கள், அந்த மலிவின் ஒரு பகுதியை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்பதை அரிதாகவே சொன்னார்கள்.

கூரைக் கணக்கு இப்படியிருக்க, பருவநிலை விவாதம் பெரிய நிலையங்களைச் சுற்றியே நடந்தது. மழை பொய்த்த 1996இல் நாடு நீண்ட மின்வெட்டைக் கண்டது. நீரை மட்டும் நம்ப முடியாது என்பது அப்போது உறுதியானது. அதன் விடையாக வந்த நுரைச்சோலை நிலக்கரி நிலையம் 2011க்கும் 2014க்கும் இடையில் மூன்று இயந்திரங்களாக 900 மெகாவோட்டுக்கு வளர்ந்தது. உலகப் பசுங்குடில் வாயுவில் இலங்கையின் பங்கு அற்பம், மலிவான நிலக்கரியை ஏழை நாடு ஏன் துறக்கவேண்டும் என்பது சபைப் பொறியியலாளர் பலரின் வாதம். சாம்பல் தூசியும் மீனவர் இழப்பும் நிலக்கரிக்குப் போகும் டொலரும் அந்த மலிவுக் கணக்கில் ஏன் இல்லை என்று எதிர்த்தரப்பு கேட்டது. சம்பூரில் இந்தியக் கூட்டுடன் வரவிருந்த நிலக்கரி நிலையத்தை அரசு 2016இல் கைவிட்டது. போரில் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் நிலப் பிரச்சினையும் அதில் கலந்திருந்தது. அடுத்த ஆண்டு பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு புதிய நிலக்கரி நிலையமில்லாத நீண்டகாலத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தபோது, பொறியியலாளர் சங்கம் வெளிப்படையாக எதிர்த்தது. இரு தரப்பும் பாதி சரி.

அதே 2016 செப்டெம்பரில் ‘சூரியபல சங்கிராமம்’ என்ற அரசின் கூரைச் சோலார் திட்டம் தொடங்கியது. 2020இல் 200 மெகாவோட், 2025இல் 1,000 மெகாவோட் என்பது இலக்கு. மிச்ச மின்சாரத்துக்கு இப்போது காசு கிடைத்தது: முதல் ஏழு ஆண்டு அலகுக்கு 22 ரூபா, அடுத்த பதின்மூன்று ஆண்டு 15.50 ரூபா. வெயில் நாட்டில் ஒரு கிலோவோட் தகடு நாளொன்றுக்குச் சுமார் நான்கு அலகு தரும் என்பதால், வங்கிக் கடனிலேயே போட்டு மீளக்கூடிய முதலீடாக அது மாறியது. ஆனால் விலையில் கடிகாரமே இல்லை. நண்பகல் அலகும், நாடு விளக்குப் போடும் மாலை ஏழு மணி அலகும் ஒரே மதிப்புப் பெற்றன. தகடு கொடுப்பதோ பகலில் மட்டும்.

2022 பொருளாதார நெருக்கடி எல்லாக் கணக்கையும் புரட்டியது. டொலர் சில மாதங்களில் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியது. எரிபொருள் வாங்க வழியின்றி மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரத்தைத் தொட்டது. பற்றரியில்லாத கூரைத் தொகுதிகள் அந்த நேரத்தில் வேலை செய்யவில்லை. கம்பியில் மின்சாரம் நின்றால், அதைப் பழுதுபார்ப்பவர் உயிருக்கு ஆபத்து வராதபடி இன்வேட்டர் தானாகவே நின்றுவிடும். கொளுத்தும் வெயிலில் தகடு இருந்தும் விசிறி சுழலாத வீடுகள் பல. கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. கூரை மின்சாரத்தைச் சபை வாங்கும் விலை புதிய இணைப்புகளுக்கு 37 ரூபாவானது. கட்டண அதிர்ச்சியும் நல்ல விலையும் சேர, கூரைகள் நிறைந்தன. 1,000 மெகாவோட் இலக்கு 2025 பிறக்கும்போதே கடந்துபோயிருந்தது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டது. நாடு முழுவதும் இருண்டது. குரங்கைப் பற்றிய கேலி உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் ஒரு குரங்கு நாட்டையே எப்படி இருளாக்கியது என்பதுதான் கேள்வி. விடுமுறை நாள் பகலில் நுகர்வு குறைவு, வெயில் மிகுதி. நீர், நிலக்கரி நிலையங்களின் பெருஞ்சுழலிகள் பெரும் பாரத்தோடு சுழல்வதால் திடீர் அதிர்வைச் சில கணங்கள் தாங்கும். தகட்டில் சுழல்வது எதுவுமில்லை. அன்று வலையில் சோலார் பங்கு அதிகமாகவும் சுழலிகளின் பங்கு குறைவாகவும் இருந்ததால் அதிர்வு சரிவாக மாறியது எனச் சபை விளக்கியது. நுரைச்சோலை இயந்திரங்களும் நின்றுவிட, அடுத்த நாட்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, பிற்பகல் மூன்று மணிவரை கூரைத் தொகுதிகளை நிறுத்திவைக்குமாறு சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பல ஆண்டு ஊக்கம் கொடுத்து வாங்கவைத்த இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும் நிலைக்குக் கொண்டுவந்தது வெயிலல்ல, திட்டமின்மை. வலையைப் பலப்படுத்தும் முதலீடு கூரைகளின் வேகத்துக்கு நடக்கவில்லை.

கூரை மின்சாரத்தைச் சபை வாங்கும் விலையும் புதிய இணைப்புகளுக்கு இறங்கியது: 2024இல் 27 ரூபா, 2025இல் சிறு வீட்டுத் தொகுதிகளுக்கு ஏறத்தாழ 20 ரூபா. அதே ஆண்டு சம்பூரில், முன்பு நிலக்கரி வரவிருந்த பகுதியில், பெரிய சோலார் நிலையத்தின் பணி தொடங்கியது. அங்கே ஓர் அலகின் விலை ஆறு அமெரிக்கச் சதத்துக்குச் சற்றுக் குறைவு, அதாவது சுமார் 18 ரூபா. கூரைக்குத் தனி நிலமும் நீண்ட கம்பியும் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் பெரிய நிலையத்தைவிட அது மலிவு என்ற பேச்சு இந்த எண்களில் நிற்காது. பற்றரி வைத்து மாலை உச்ச நேரத்தில் மின்சாரம் தருவோருக்கு அலகுக்கு 45 ரூபாவுக்கு மேல் என்ற புதிய விலையும் 2025இல் வந்தது. நேரத்துக்கு விலை வைத்த முதல் கூரைத் திட்டம் இது; 2016இலேயே வந்திருக்கவேண்டியது. சங்கிராமத்தின் தொடக்கத்தில் கையெழுத்திட்ட வீடுகளின் ஒப்பந்தம் 2036 வரை உண்டு. ஏழாண்டு கடந்துவிட்டதால் அவற்றுக்கு இப்போது கிடைப்பது அலகுக்கு 15.50 ரூபா.